மீல் மேக்கர் மட்டும் போதுமா?

கேள்வி: எட்டு மாதங்களுக்கு முன் எங்கள் வீட்டில் இறைச்சியை நிறுத்திவிட்டோம். ஆரம்பித்து வைத்தது மகன். பதினாறு வயது, எடை 55 கிலோ, தினமும் ஓட்டப் பயிற்சிக்குப் போகிறான். அவன் பாலையும் முட்டையையும்கூட விட்டுவிட்டான். இறைச்சிக்குப் பதிலாக மீல் மேக்கர் எனும் சோயா உருண்டைதான் அநேகமாகத் தினமும். வாரத்தில் இரண்டு, மூன்று நாள் உறைய வைத்து விற்கும் சோயா பேட்டி (கட்லெட் போன்ற தட்டையான வட்டம்), சாசேஜ். பாக்கெட்டில் 100 கிராமுக்கு 52 கிராம் புரதம் என்று போட்டிருப்பதைப் பார்த்து நிம்மதியாக இருந்தேன். இப்போது ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள். ஆண் பிள்ளைகளுக்குச் சோயா ஆகாது, மார்பு வளர்ந்துவிடும் என்கிறார் ஒருவர். கெமிக்கல் போட்டுச் செய்வது, தைராய்டைக் கெடுத்துவிடும் என்கிறார் இன்னொருவர். என் மாமியார் தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறார். எனக்கு ரத்தசோகை வந்து மருந்து எடுத்திருக்கிறேன். சோயாவை நம்பலாமா, இல்லை விட்டுவிடலாமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

புரதத்துக்கு என்றால் சோயாவைத் தாராளமாக நம்பலாம். உங்கள் கடிதத்தைப் படித்தபோது எனக்குக் கவலை வந்தது வேறோர் இடத்தில். இறைச்சி, பால், முட்டை மூன்றையும் விட்ட பையனைப் பற்றி இவ்வளவு எழுதியிருக்கிறீர்கள்; வைட்டமின் பி12 பற்றி ஒரு வரிகூட இல்லை. அதற்குக் கட்டாயம் வருகிறேன். முதலில் நீங்கள் நிம்மதியடைந்த அந்த 52 கிராம் கணக்கைப் பார்த்துவிடுவோம்.

பாக்கெட்டில் உள்ள எண் சரிதான். ஆனால் அது உலர்ந்த உருண்டைக்கான எண். வெந்நீரில் ஊறியதும் உருண்டை தண்ணீரைக் குடித்து ஏறக்குறைய மூன்று மடங்கு எடை ஆகிவிடும். அப்படி ஊறியதில் 100 கிராம் எடுத்துத் தட்டில் வைத்தால் அதில் 16, 17 கிராம் புரதம்தான் இருக்கும். சமைத்த கோழி நெஞ்சுக்கறி 100 கிராமில் 30 கிராம் வரை இருக்கும். ஆகவே இறைச்சி இருந்த இடத்தில் அதே அளவு சோயா உருண்டையை வைத்தால் புரதம் பாதியாகக் குறைகிறது. பெரும்பாலான வீடுகளில் இது யாருக்கும் தெரியாமல் நடக்கிறது. ஒரு நாள் சமையலறைத் தராசில் உலர்ந்த உருண்டையை 30 கிராம் நிறுத்துப் பாருங்கள். அதில் 15 கிராம் புரதம். அது எத்தனை உருண்டை என்று கண்ணுக்குப் பழகிவிட்டால் அப்புறம் தராசு வேண்டாம்.

எவ்வளவு தேவை? நல்ல உடல்நிலையில் உள்ள பெரியவர்களுக்கு ஒரு கிலோ உடல் எடைக்கு நாளுக்கு 0.83 கிராம் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு. நீங்கள் 60 கிலோ என்று வைத்துக்கொண்டால் 50 கிராம். வளரும் வயதில் தினமும் ஓடுகிற உங்கள் மகனுக்கு இதைவிடக் கூடுதலாக வேண்டும். நான் 70 கிராம் என்று குறிப்பேன். வயதானவர்களுக்கும் தேவை கூடும். தசை கரைவதைத் தடுக்க ஒரு கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை இன்று பரிந்துரைக்கிறோம். வயதானால் குறைவாகச் சாப்பிட்டால் போதும் என்று நாம் நினைப்பது புரதத்துக்குப் பொருந்தாது. மாமியாரின் தட்டை அந்தக் கண்ணோடு பாருங்கள், அவருக்குச் சிறுநீரகக் கோளாறு இல்லாதவரை.

இனி தரம். புரதத்தின் தரத்தை அளக்க, அதில் உள்ள அத்தியாவசிய அமினோ அமிலங்களையும் அது எவ்வளவு செரிக்கிறது என்பதையும் சேர்த்து மதிப்பெண் போடுவார்கள். 1 என்பது முழு மதிப்பெண். முட்டைக்கும் பாலுக்கும் அதுதான். சோயாவிலிருந்து புரதத்தை மட்டும் பிரித்தெடுத்த ஐசோலேட்டும் ஏறக்குறைய அதே மதிப்பெண் வாங்குகிறது. சோயா மாவில் செய்த உருண்டை சற்றே பின்னால். தாவர உணவுகளில் இப்படி வாங்குபவை மிகவும் குறைவு. சோயாவில் கொஞ்சம் குறைவாக இருப்பது மெத்தியோனின் என்ற அமினோ அமிலம். அரிசி, கோதுமை போன்ற தானியங்களில் அது போதிய அளவு உண்டு. தானியத்தில் குறைவாக இருக்கும் லைசின் சோயாவில் நிறைய இருக்கிறது. ஒரே நாளில் இரண்டும் உணவில் வந்துவிட்டால் குறை தீர்ந்தது. ஒரே வேளையில் சேர்த்துச் சாப்பிட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

ஓடுகிற பையனுக்குச் சோயா போதுமா என்ற சந்தேகத்துக்கு நல்ல சோதனை ஒன்று இருக்கிறது. 2021இல் வெளியான பிரேசில் ஆய்வு. முழுத் தாவர உணவு சாப்பிடும் இளைஞர்கள் 19 பேர், எல்லாம் சாப்பிடும் இளைஞர்கள் 19 பேர். இரு தரப்புக்கும் 12 வாரம் எடைப் பயிற்சி. முதல் தரப்புக்குச் சோயா புரதமும் இரண்டாவது தரப்புக்குப் பாலின் வே புரதமும் கொடுத்து, மொத்தப் புரதம் கிலோவுக்கு 1.6 கிராம் வரும்படி பார்த்துக்கொண்டார்கள். முடிவில் தசை வளர்ச்சியிலும் வலிமையிலும் இரு தரப்புக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. ஆய்வு சிறியது; பங்கேற்றவர்கள் இளம் ஆண்கள் மட்டும். ஆனாலும் அளவு சரியாக இருந்தால் சோயாவில் தசை வளரும் என்று உங்கள் மகனிடம் தைரியமாகச் சொல்லலாம்.

அடுத்து, உங்களை அதிகம் பயமுறுத்தியிருக்கும் ஹார்மோன் விஷயம். சோயாவில் ஐசோஃப்ளேவோன் என்ற பொருட்கள் இருக்கின்றன. அவற்றின் வடிவம் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனைக் கொஞ்சம் ஒத்திருக்கும். உடலில் அதே ஏற்பிகளில் போய் ஒட்டவும் செய்யும். ஆனால் வேலை மிகவும் பலவீனமானது. ஒட்டும் இடங்களும் முழுக்க ஒன்றில்லை. ஆண்களிடம் செய்த பல சோதனைகளை ஒன்றாகத் திரட்டி 2010இலும், மறுபடி 2021இலும் அலசினார்கள். சோயா உணவோ ஐசோஃப்ளேவோனோ டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனைக் குறைக்கவில்லை என்பதுதான் இரண்டு தடவையும் கிடைத்த விடை. ஈஸ்ட்ரோஜனைக் கூட்டவும் இல்லை என்று 2021 அலசல் காட்டியது.

அப்படியானால் இந்தப் பேச்சு எங்கிருந்து கிளம்பியது? முழுக்கக் கற்பனை என்றும் தள்ளிவிட முடியாது. 2008இல் ஒரு மருத்துவ இதழில் அறுபது வயது ஆண் ஒருவரைப் பற்றிய குறிப்பு வந்தது. மார்பு வீங்கி வலி, ரத்தத்தில் ஈஸ்ட்ரோஜன் பல மடங்கு. காரணம் தேடியபோது அவர் நாளுக்குக் கிட்டத்தட்ட மூன்று லிட்டர் சோயா பால் குடித்துவந்தது தெரிந்தது. நிறுத்தியதும் சரியாகிவிட்டது. உங்கள் மகன் சாப்பிடும் 30, 40 கிராம் உருண்டையை அந்த அளவோடு ஒப்பிட முடியாது. இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது ஒன்றுதான்: நாள் முழுக்கச் சோயா பால், சோயா பொடி, சோயா உருண்டை, சோயா பேட்டி என்று எல்லா வேளையும் அதிலேயே ஓட்டக் கூடாது. ஒரு நாளில் ஒன்றிரண்டு தடவை சோயா வந்தால் பயமில்லை. மார்பகப் புற்றுநோய்க்கு அஞ்சிச் சோயாவை ஒதுக்கும் பெண்களும் இருக்கிறார்கள். உணவாகச் சாப்பிடும் சோயா பாதுகாப்பானது என்பதே அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கத்தின் நிலைப்பாடு. ஐசோஃப்ளேவோன் மாத்திரை வேறு விஷயம். அதை மருத்துவரைக் கேட்காமல் யாரும் எடுக்க வேண்டாம்.

மாமியார் விஷயத்தில் உங்களிடம் சொன்னவர் பாதி சரி. அயோடின் போதிய அளவு கிடைத்து, தைராய்டு நன்றாக வேலை செய்பவருக்குச் சோயா கெடுதல் செய்வதில்லை. ஆனால் தைராய்டு குறைவுக்குத் தரும் தைராக்சின் மாத்திரையைக் குடல் உறிஞ்சுவதைச் சோயா தடுக்கும். ஆகவே அவர் வழக்கம்போல வெறும் வயிற்றில் மாத்திரையைப் போட்டுக்கொண்டு, சோயாவை நான்கு மணி நேரம் கழித்துச் சாப்பிடட்டும். மதியச் சாப்பாட்டோடு வைத்துக்கொண்டால் பிரச்சினையே இல்லை. இன்னொன்று: ஒரு வாரம் தினமும் சோயா, அடுத்த இரண்டு வாரம் துளியும் இல்லை என்று மாறி மாறிச் சாப்பிட்டால் மாத்திரையின் அளவை நிர்ணயிப்பது மருத்துவருக்குச் சிரமம். எட்டு மாதமாக வீட்டு உணவு மாறியிருப்பதை அவரிடம் சொல்லிவிடுங்கள்.

இப்போது நான் கவலைப்பட்ட இடத்துக்கு வருகிறேன். வீட்டில் இறைச்சியை நிறுத்தும்போது எல்லோரும் புரதம் போய்விட்டதே என்றுதான் பதறுகிறார்கள். இறைச்சி தட்டை விட்டுப் போகும்போது புரதத்தோடு பி12, எளிதில் சேரும் இரும்பு, துத்தநாகம் மூன்றும் சேர்ந்தே போகின்றன. சோயா புரதத்தை ஈடுகட்டுகிறது. பி12ஐத் தருவதே இல்லை. தயாரிப்பாளர் தனியாகச் சேர்த்திருந்தால் மட்டும்தான் உண்டு. சாதாரண சோயா உருண்டையில் அப்படிச் சேர்ப்பது வழக்கமில்லை.

பி12 குறைவின் கெட்ட குணம், உடனே காட்டிக்கொடுக்காது. ஈரலில் இருக்கும் சேமிப்பு சில ஆண்டுகள்கூடத் தாக்குப்பிடிக்கும். அது கரைந்த பிறகுதான் சோர்வு, கை கால் மரத்துப் போவது, நாக்கில் எரிச்சல், ஞாபகக் குறைவு என்று வரும். தாவர உணவில் ஃபோலேட் நிறைய இருக்கும், சோயாவிலும் உண்டு. அந்த ஃபோலேட் ரத்தசோகையை வெளியே தெரியாமல் மறைத்துவிடும். உள்ளே நரம்புச் சேதம் நடந்துகொண்டே இருக்கும். நீண்ட நாள் கவனிக்காமல் விட்டால் அந்தச் சேதம் முழுவதும் சரியாகாமல் போகலாம். ஒரு நாள் தேவை 2.4 மைக்ரோகிராம், தூசியளவு. ஆனால் அந்தத் தூசியளவு உங்கள் மகனுக்கு இப்போது எங்கிருந்தும் வரவில்லை. அவன் எடுத்த முடிவை மதியுங்கள். அதோடு பி12 மாத்திரையையும் கொடுங்கள். மருத்துவர் அளவு சொல்வார். இது விருப்பம்போலச் சேர்த்துக்கொள்ளும் சத்து மாத்திரை ஆகாது; இந்த உணவுமுறையில் அது சாப்பாட்டின் ஒரு பகுதி.

இரும்பு உங்களுக்கான பாடம். பாக்கெட்டில் இரும்பின் எண்ணும் பெரிதாகத்தான் இருக்கும். ஆனால் இறைச்சியில் உள்ள இரும்பு சேர்வதுபோல இது சேராது. சோயாவில் உள்ள பைட்டிக் அமிலம் இரும்பையும் துத்தநாகத்தையும் பிடித்துவைத்துக்கொண்டு பெரும்பகுதியை அப்படியே வெளியே அனுப்பிவிடும். இதை ஓரளவு வெல்ல வழி உண்டு. சோயா சாப்பிடும் அதே வேளையில் வைட்டமின் சி இருக்கட்டும். எலுமிச்சைச் சாறு பிழியலாம், குடைமிளகாய் சேர்க்கலாம், கொய்யாவோ ஆரஞ்சோ கையோடு சாப்பிடலாம். டீயும் காபியும் சாப்பாட்டோடு வேண்டவே வேண்டாம். ஒரு மணி நேரமாவது தள்ளிவையுங்கள். ரத்தசோகை வந்து போனவர் என்பதால் உங்களுக்கு இந்த இரண்டும் முக்கியம். சோயாவை நொதிக்க வைத்துச் செய்யும் டெம்பே கிடைத்தால் வாங்குங்கள். நொதிக்கும்போது பைட்டிக் அமிலம் குறைகிறது; 100 கிராமில் 19 கிராம் வரை புரதமும் உண்டு. சோயா பாலில் பனீர்போலச் செய்யும் டோஃபுவில் புரதம் அதைவிடக் குறைவு, ஆனால் கால்சியம் உப்பு போட்டு உறைய வைத்த டோஃபு பால் குடிக்காத பையனுக்கு நல்ல கால்சியம் தரும். லேபிளில் கால்சியம் சல்ஃபேட் என்று இருக்கிறதா பாருங்கள்.

கெமிக்கல் என்று சொன்னார்களே, அதுவும் காற்றில் வந்த பேச்சில்லை. சோயா உருண்டை எண்ணெய் ஆலையில் பிறக்கிறது. சோயா விதையிலிருந்து எண்ணெய் பிரிக்க ஹெக்ஸேன் என்ற கரைப்பானைப் பயன்படுத்துகிறார்கள். எண்ணெய் போன பிறகு மிஞ்சும் மாவைத் தண்ணீரோடு பிசைந்து, அதிக வெப்பத்திலும் அழுத்தத்திலும் எந்திரத்தின் சிறு துளை வழியாகத் தள்ளும்போது அது பொரிந்து நார் நாராக, பஞ்சுபோல வெளியே வருகிறது. ஹெக்ஸேன் சுமார் 69 டிகிரி செல்சியஸிலேயே ஆவியாகிவிடும். வெப்பப்படுத்தி அதை வெளியேற்றிய பிறகே மாவு அடுத்த கட்டத்துக்குப் போகிறது. மிச்சம் கிலோவுக்கு 30 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் வரம்பு வைத்திருக்கிறது. அந்த மிச்சத்தைப் பற்றி நான் தூக்கம் கெடமாட்டேன். அதே வெப்பம் ஒரு நன்மையும் செய்கிறது: பச்சைச் சோயாவில் புரதச் செரிமானத்தைத் தடுக்கும் பொருட்கள் உண்டு, வெப்பத்தில் அவை பெரும்பாலும் செயலிழந்துவிடும். அதனால்தான் வறுக்காத, வேகாத சோயா மாவைப் பச்சையாகக் கலக்கிக் குடிக்க வேண்டாம் என்கிறேன்.

உறைய வைத்த பேட்டி, சாசேஜ் விஷயத்தில் நான் கொஞ்சம் கறாராக இருப்பேன். சோயா உருண்டையையும் இவற்றையும் ஒரே பெயரில் பேசுவதால்தான் பாதிக் குழப்பம். உருண்டையின் பாக்கெட்டைத் திருப்பினால் அதில் இருப்பது அநேகமாகச் சோயா மாவு ஒன்றுதான். கொழுப்பு ஒரு சதவீதம் அளவே, சோடியமும் மிகக் குறைவு. பேட்டியைத் திருப்பிப் பாருங்கள். சோயா புரதத்துக்குப் பக்கத்தில் எண்ணெய், மாவுச்சத்து, பிணைப்பான், சுவையூட்டி, உப்பு. இறைச்சிபோலச் சாறு கசிய வேண்டும் என்பதற்காகப் பலவற்றில் தேங்காய் எண்ணெய் சேர்ப்பதால் செறிவுற்ற கொழுப்பு ஏறுகிறது. ஒரு பேட்டியில் 350 முதல் 500 மில்லிகிராம் சோடியம் இருப்பது சாதாரணம். நாள் முழுக்கவே 2000 மில்லிகிராமுக்குள் நிறுத்தச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். புரதமோ சிலவற்றில் 19 கிராம், சிலவற்றில் எட்டு, ஒன்பது. அட்டையின் முன்பக்கம் பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

அதற்காக அதைக் குப்பையில் போடச் சொல்லவில்லை. எதற்குப் பதிலாக அதைச் சாப்பிடுகிறோம் என்று பாருங்கள். பதப்படுத்திய இறைச்சியில் செய்த சாசேஜுக்குப் பதில் சோயா சாசேஜ் என்றால் நஷ்டம் ஒன்றுமில்லை, லாபம்கூட இருக்கலாம். பதப்படுத்திய இறைச்சியை 2015இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் பட்டியலில் சேர்த்தது. ஆனால் வீட்டில் வேகவைத்த பயறுக்கும் பருப்புக்கும் பதிலாக அந்தச் சாசேஜ் வருகிறது என்றால் நஷ்டம்தான். உங்கள் வீட்டில் எது நடக்கிறது என்று உங்களுக்குத்தான் தெரியும். வாரத்துக்கு ஒரு தடவையாக அதைக் குறைத்துவிடலாம். 100 கிராமுக்குப் புரதம் 15 கிராமுக்குக் கீழே, சோடியம் 400 மில்லிகிராமுக்கு மேலே என்றால் நான் வாங்கமாட்டேன். இது என் வசதிக்காக நான் வைத்துக்கொண்ட கோடு. சட்டம் எதுவும் இல்லை.

வயிறு உப்புசம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் தினமும் உருண்டை சாப்பிடும் வீட்டில் அது இருக்கும். சோயாவில் உள்ள சில சர்க்கரைகள் சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடலுக்குப் போய் வாயுவாகின்றன. வெந்நீரில் ஊறவைத்து, நன்றாகப் பிழிந்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, இன்னொரு தடவை குளிர்ந்த நீரில் அலசிப் பிழியுங்கள். வயிறும் லேசாகும், பச்சை வாடையும் போகும். சிறுநீரக நோய் உள்ளவர்கள் பொட்டாசியத்துக்காகவும், சிறுநீரகக் கல் வந்தவர்கள் ஆக்ஸலேட்டுக்காகவும் மருத்துவரைக் கேட்டுவிட்டுத்தான் சோயா உருண்டை சாப்பிட வேண்டும். சோயா ஒவ்வாமை உள்ளவர்களுக்கு எந்த வடிவத்திலும் ஆகாது. கோதுமைப் புரதம் சேராதவர்கள் பேட்டி லேபிளைக் கூடுதலாக ஒரு தடவை படிக்கட்டும்; பலவற்றில் அதுவும் கலந்திருக்கும்.

சரி, நடைமுறைக்கு வருவோம். வாரத்தில் நான்கு நாள் சோயா உருண்டை, ஆளுக்கு உலர்ந்த எடையில் 30 கிராம், மகனுக்கு 40. மற்ற நாட்களில் டோஃபு, கொண்டைக்கடலை, பயறு, ராஜ்மா என்று மாறட்டும். மகன் பயிற்சி முடித்து வரும்போது ஒரு கைப்பிடி நிலக்கடலையோ ஒரு டம்ளர் சோயா பாலோ தயாராக இருக்கட்டும். கால்சியமும் பி12உம் சேர்த்த பாலாகப் பார்த்து வாங்குங்கள். அவனுடைய 70 கிராமில் உருண்டை தருவது 20 மட்டுமே. மீதியில் பெரும்பகுதி பருப்பு, தானியம், கடலை வகைகளில் இருந்துதான் வர வேண்டும். அவன் வயிறு நிறையச் சாப்பிடுகிறானா என்பதையும் பாருங்கள். ஓடுகிற பிள்ளைக்கு மொத்தக் கலோரி குறைந்தால், சாப்பிட்ட புரதத்தை உடல் எரிபொருளாக எரித்துவிடும்.

இந்த மாதமே ஒரு ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். உங்களுக்கும் மகனுக்கும் ஹீமோகுளோபின், ஃபெரிட்டின், பி12. ஹீமோகுளோபின் மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். இரும்புச் சேமிப்பு தீர்ந்துகொண்டிருப்பது ஃபெரிட்டினில்தான் முதலில் தெரியும். மாமியாருக்கு மாத்திரைக்கும் சோயாவுக்கும் இடையே நான்கு மணி நேர இடைவெளியை ஒழுங்காகக் கடைப்பிடிக்க ஆரம்பித்து ஆறு முதல் எட்டு வாரம் கழித்து டிஎஸ்எச் என்ற தைராய்டு ரத்தப் பரிசோதனை செய்து பாருங்கள். மாத்திரை இப்போது கூடுதலாகச் சேர ஆரம்பித்திருக்கலாம். அதனால் அளவைக் குறைக்க வேண்டி வந்தாலும் வரலாம். அதை மருத்துவர் முடிவு செய்யட்டும்.